நாக்கு, பட்டியல், தராசு: ஃபிரக்டோஸ் ஏற்காத உடம்புக்கு எந்தப் பத்தியம் சரி?

மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் ஆப்பிளை வேகவைத்து, மசித்து, முதல் திட உணவாகக் கொடுத்தோம். இரண்டு கரண்டிதான் உள்ளே போனது. அரை மணி நேரத்தில் வாந்தி. முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, ஈரத்துணி மாதிரித் துவண்டு தோளில் கிடந்தாள். "புது உணவுதானே, பழகிவிடும்" என்றார்கள். பழகவில்லை. நோய்க்குப் பெயர் கிடைக்க இன்னும் நாலு மாதம் ஆனது: பரம்பரை ஃபிரக்டோஸ் ஏற்பின்மை. பழத்திலும் தேனிலும் இருக்கும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையை உடம்பால் கையாள முடியாத பிறவிக் கோளாறு. மருத்துவர்கள் சுருக்கி எச்எஃப்ஐ என்பார்கள்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. இதற்கு மாத்திரை கிடையாது, பத்தியம்தான் மருந்து. அந்தப் பத்தியத்தைப் பிடிப்பதில் மூன்று கட்சிகள் உண்டு. உடம்பே சொல்லும், நாக்கை நம்பு என்பது ஒன்று. ஆகும், ஆகாது என்று எழுதிய பட்டியலை நம்பு என்பது இரண்டாவது. கிராம் கணக்குப் போடு, தராசை நம்பு என்பது மூன்றாவது. மூன்றையும் எங்கள் வீட்டில் செய்து பார்த்துவிட்டோம். அவற்றை ஒப்பிடும் முன், பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். இணையத்தில் பாதிப் பேர் அங்கேதான் வழி தவறுகிறார்கள்.

ஒரே பெயர், இரண்டு நோய்

ஃபிரக்டோஸ் உறிஞ்சாமை என்று ஒன்று இருக்கிறது. பலருக்கும் இருப்பது அதுதான், அதையும் ஃபிரக்டோஸ் ஏற்பின்மை என்றே சொல்லிவிடுவார்கள். குடல் ஃபிரக்டோஸைச் சரியாக உறிஞ்சாது. மிஞ்சியதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும். வயிறு உப்பும், வாயு பிரியும், வயிற்றால் போகும். அவஸ்தைதான், ஆனால் ஆபத்தில்லை.

எச்எஃப்ஐயில் குடல் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. வம்பு கல்லீரலில் தொடங்குகிறது. அங்கே ஃபிரக்டோஸ் முதல் படியில் ஃபிரக்டோஸ்-1-பாஸ்பேட்டாக மாறும். அதை அடுத்து உடைக்க வேண்டிய ஆல்டோலேஸ் பி என்ற நொதி இவர்களிடம் வேலை செய்வதில்லை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று பழுதான மரபணு இரண்டும் வந்து சேர்ந்திருக்கும். உடைபடாத சரக்கு தேங்கி, செல்லில் இருக்கும் பாஸ்பேட்டையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். செல்லின் எரிபொருளான ஏடிபி சரியும், யூரிக் அமிலம் ஏறும், சேமித்த குளுக்கோஸைக் கல்லீரல் வெளியே விட முடியாமல் போகும். இனிப்பைச் சாப்பிட்ட குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை தாழும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது. தொடர்ந்து கொடுத்தால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும்.

இரண்டு நோய்களின் பத்தியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வகைக்குப் பலரும் பின்பற்றுவது ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் (குடலில் எளிதில் புளிக்கும் சர்க்கரை வகைகள்) குறைந்த உணவுமுறை. அது பாலைக் குறைக்கச் சொல்லும், கோதுமையைக் குறைக்கச் சொல்லும். ஆனால் சாதாரண வெள்ளைச் சர்க்கரையையும் ஆரஞ்சையும் அளவாக அனுமதிக்கும். குளுக்கோஸ் கூட இருந்தால் குடல் ஃபிரக்டோஸை எளிதாக உறிஞ்சும் என்பது அதன் தர்க்கம். எச்எஃப்ஐக்கு எல்லாமே தலைகீழ். பால் தாராளம். சர்க்கரை கூடவே கூடாது, ஏனென்றால் அதில் சரிபாதி ஃபிரக்டோஸ். உறிஞ்சுவதை எளிதாக்கினால் கேடு இன்னும் வேகமாகக் கல்லீரலுக்குப் போகும். ஆகவே தப்பான பத்தியத்தைக் கையில் எடுத்தவர், தேவையான பாலை விட்டுவிட்டு விஷத்தை அளந்து சாப்பிடுவார்.

சோதனையிலும் அதே பொறி. உறிஞ்சாமைக்கு ஃபிரக்டோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து மூச்சில் ஹைட்ரஜன் பார்ப்பார்கள். எச்எஃப்ஐ சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் அந்தக் கரைசலைத் தொடக் கூடாது. இப்போது ஆல்டோலேஸ் பிக்கான ஏஎல்டிஓபி மரபணுவை ரத்தத்தில் படித்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடுகிறது.

நாக்கை நம்புவது

இந்தக் கட்சிக்கு வரலாற்றின் ஆதரவு உண்டு. 1956ல் சேம்பர்ஸ், பிராட் என்ற இருவர் லான்செட் மருத்துவ இதழில் இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது, அவர்கள் முன் இருந்தவர் 24 வயதுப் பெண். மருத்துவம் பெயர் வைக்கும் முன்பே அவர் பழத்தோடும் சர்க்கரையோடும் பட்டுப் பட்டு அவற்றின் குணத்தைத் தெரிந்துவைத்திருந்தார். இன்றும் பெரியவர்களானபின் கண்டுபிடிக்கப்படுபவர்கள் இப்படித்தான்: சின்ன வயதிலிருந்து இனிப்பென்றால் முகத்தைத் திருப்பியவர்கள், சொத்தைப் பல் இல்லாதவர்கள். பல் மருத்துவர் ஆச்சரியப்பட்டு, அங்கிருந்து நோய் பிடிபடுவதும் உண்டு.

நாக்கின் பலம், அது இலவசம். இருபத்து நாலு மணி நேரமும் கூடவே இருக்கும். என் மகளுக்குத் தெரியாத வீட்டில் எதையாவது நீட்டினால், நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இனிப்பு தட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்த வெறுப்பை நான் ஒருநாளும் கேலி செய்யவோ மாற்றவோ முயன்றதில்லை.

ஆனால் நாக்குக்குத் தெரிவது இனிப்புதான், ஃபிரக்டோஸ் அல்ல. அவளுடைய ஐந்தாவது வயதில் நாங்கள் சற்று அசந்துவிட்டோம். வாந்தியில்லை, வலியில்லை, நன்றாகத்தானே இருக்கிறாள் என்று தினமும் கேரட் சூப் கொடுத்தோம். அவளும் ரசித்துக் குடித்தாள். ஒரு வருடத்தில் உயரம் நின்றுவிட்டது. கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. 100 கிராம் கேரட்டில் ஏறக்குறைய மூன்றரை கிராம் சுக்ரோஸ், அதாவது நம் சாதாரணச் சர்க்கரை, இருக்கிறது. அதில் பாதி ஃபிரக்டோஸ், அதற்கு மேல் தனி ஃபிரக்டோஸும் சேர்ந்தால் ஒரு கிண்ணத்தில் இரண்டு கிராமைத் தாண்டுகிறது. வாந்தி வராத அளவு, ஆனால் வளர்ச்சியைத் தின்கிற அளவு. நாக்கு மூச்சுக்கூட விடவில்லை.

பட்டியலை நம்புவது

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய இரண்டு பத்தி. ஆகும்: அரிசி, பால், சர்க்கரை சேர்க்காத தயிர், முட்டை, பதப்படுத்தாத மீனும் இறைச்சியும், எண்ணெய், வெண்ணெய், கீரை, காளான். ஆகாது: எல்லாப் பழமும், தேன், சர்க்கரை, வெல்லம், பீட்ரூட், கேரட், பட்டாணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பழச்சாறு, பெரும்பாலான பிஸ்கட்டும் சாஸும்.

இதன் அருமை நாம் வீட்டில் இல்லாதபோதுதான் தெரியும். தாத்தா, பாட்டி, பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டு அக்கா, யார் கையில் கொடுத்தாலும் ஒரு நிமிடத்தில் புரியும். யோசிக்க வேண்டியதில்லை. களைத்துப்போன மாலையில் யோசிக்க வேண்டாம் என்பது சின்னச் சலுகை அல்ல.

குறை என்னவென்றால், பட்டியலுக்குப் பெயர்தான் தெரியும், பொருளின் சரித்திரம் தெரியாது. உருளைக்கிழங்கு ஆகும் என்று எழுதியிருக்கும். ஆனால் குளிரில் வாரக்கணக்கில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கிவிடும். வறுத்தால் சீக்கிரம் கறுக்கும், கடித்தால் லேசாக இனிக்கும். ரொட்டி ஆகும் என்றால் எந்த ரொட்டி? ஈஸ்ட் பொங்க ஒரு கை சர்க்கரை போட்டதா, போடாததா? தவிடு நீக்காத தானியம்தான் நல்லது என்று உலகமே சொல்கிறது. சுக்ரோஸ் இருப்பதோ தவிட்டிலும் முளையிலும். இங்கே மட்டும் பட்டை தீட்டிய வெள்ளை அரிசிக்கு முதல் மரியாதை. இதை உறவினர்களுக்கு விளக்கியே என் தொண்டை வறண்டது.

தராசை நம்புவது

கேரட் சம்பவத்துக்குப் பிறகு டயட்டீஷியன் சமையல் தராசு வாங்கச் சொன்னார். சூத்திரம் எளிது: தனி ஃபிரக்டோஸ், சுக்ரோஸில் பாதி, சார்பிட்டால், மூன்றையும் கூட்டு. சார்பிட்டால் என்பது சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் ஓர் இனிப்பு. அது ஏன் கணக்கில் என்றால், உடம்பு அதைப் பெரும்பாலும் ஃபிரக்டோஸாகவே மாற்றும். சின்னக் குழந்தைகளுக்கு நாள் முழுவதற்கும் ஒன்றிரண்டு கிராம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் எல்லை. உங்கள் குழந்தைக்கான எண்ணை மருத்துவக் குழுவே சொல்ல வேண்டும். எல்லை எவ்வளவு குறுகல் என்று பாருங்கள்: தட்டையாக ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 கிராம், அதில் 2 கிராம் ஃபிரக்டோஸ். ஒரு தேக்கரண்டியோடு அன்றைய கணக்கு தீர்ந்தது. நடுத்தர ஆப்பிள் ஒன்றில் பத்துக் கிராமுக்கு மேல்.

தராசு எங்களுக்குக் காய்கறிகளைத் திருப்பிக் கொடுத்தது. பட்டியல் பயத்தில் காயே இல்லாமல் சோறும் முட்டையுமாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளரியை இத்தனை கிராம், காலிஃபிளவரை இத்தனை கிராம் என்று தெரிந்ததும் தட்டில் நிறம் வந்தது. பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கரையும் சர்க்கரையில் ஒரு பங்கு அதோடு போய்விடும். வைட்டமின் சியும் கூடவே போகும். அதைத் தனியாகத்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஆனால் மனிதர்களால் ஆயுசு முழுக்க எடை போட்டுக்கொண்டிருக்க முடியாது. அட்டவணைகளில் பலவும் மொத்தச் சர்க்கரையை மட்டும் சொல்லும், பிரித்துச் சொல்லாது. ஒரே காயில் ரகத்துக்கு ரகம், முற்றிய பதத்துக்குப் பதம் எண் மாறும். தசம புள்ளி வரை எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் பாதி கற்பனைத் துல்லியம். இன்னொரு ஆபத்தும் உண்டு. கணக்கில் மிச்சம் இருந்தால் செலவழிக்கத் தோன்றும். அந்த எல்லை சம்பளம் அல்ல, மாதக் கடைசியில் தீர்த்துவிடுவதற்கு.

இனிப்புக்கு இனிப்பு

பிறந்தநாள் கேக் வேண்டும் என்று குழந்தை கேட்டால்? தூய குளுக்கோஸ் தூள்தான் என் தேர்வு. கல்லீரலுக்குத் தொந்தரவு இல்லை. சர்க்கரையைவிட இனிப்பு கொஞ்சம் மட்டு. அடுப்பில் சீக்கிரம் சிவக்கும் என்பதால் சூட்டைக் குறைத்து வைக்க வேண்டும். பல்லைச் சொத்தையாக்கும் குணம் குளுக்கோஸுக்கும் உண்டு. எச்எஃப்ஐ இலவசமாகக் கொடுத்த ஒரே பரிசான பல்லை அதில் தொலைக்க வேண்டாம். சாக்கரின், அஸ்பார்டேம் இரண்டிலும் ஃபிரக்டோஸ் இல்லை, ஆனால் பொட்டலத்தில் கூட என்ன தூள் கலந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சார்பிட்டால், மால்டிட்டால், ஐசோமால்ட், டாகடோஸ் நான்கும் வாசலோடு சரி.

லேபிளில் மூன்று வாசகங்களைப் பக்கம் பக்கமாக வையுங்கள். "சர்க்கரை சேர்க்கவில்லை" என்றால் பழச்சாறு அடர்வு இருக்கலாம். "சர்க்கரை இல்லாதது" என்றால் சார்பிட்டால் இருக்கலாம். "குளுக்கோஸ் சிரப்" பொதுவாகச் சரி, "குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ் சிரப்" கூடாது. நடுவில் ஒரே ஒரு சொல். முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நான் படிப்பதே இல்லை, பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் எனக்குத் தெரிந்த மொழி.

மூன்றும் தோற்கும் இடம்

மருந்து. குழந்தைகளுக்கான சிரப்பை எடுத்தாலே சுக்ரோஸ் அல்லது சார்பிட்டால். ஐரோப்பிய மருந்து ஆணையம் மருந்துகளில் சேர்க்கும் சார்பிட்டாலுக்கும் ஃபிரக்டோஸுக்கும் நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் எச்எஃப்ஐ உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தேவை என்கிறது. 10 கிலோ குழந்தைக்கு 50 மில்லிகிராம். ஒரு மூடி சிரப்பில் ஒரு கிராம் சார்பிட்டால் இருந்தால் இருபது மடங்கு. நாக்குக்கு அது மருந்தின் இனிப்பு. பட்டியலில் மருந்தே கிடையாது. தராசில் வைக்க முடியாது. அதனால் நாங்கள் மாத்திரையைப் பொடித்து வெந்நீரில் கரைக்கிறோம், ஆனால் பொடிக்கக்கூடிய மாத்திரையா என்று மருந்தாளுநரிடம் கேட்ட பிறகுதான். வைட்டமின் சொட்டு மருந்திலும் மெல்லும் மாத்திரையிலும் அதே கதை. சாதா விழுங்கு மாத்திரைக்கே முன்னுரிமை. வாய்வழி ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்துகளிலும் சுக்ரோஸ் உண்டு. குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு எச்எஃப்ஐ இருந்தால் பிறந்த குழந்தைக்கு முதல் தவணை போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிது நரம்பில் ஏற்றும் திரவம். ஃபிரக்டோஸோ சார்பிட்டாலோ கலந்த திரவத்தை ஏற்றியதால் உயிர்கள் போயிருக்கின்றன. குளுக்கோஸ் ஏற்றலாம், சர்க்கரை தாழ்ந்த நேரத்தில் அதுதான் மருந்தும்கூட. "சார்பிட்டால், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் எந்த வழியிலும் கூடாது, குளுக்கோஸ் சரி" என்று மருத்துவர் கையெழுத்திட்ட அட்டை என் பையில் ஒன்று, அவள் பையில் ஒன்று.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு

தினசரிச் சோற்றுக்குப் பட்டியல். புதுக் காய் ஒன்று வந்தால் முதல் சில தடவை தராசு, பிறகு அது பட்டியலில் ஏறும் அல்லது இறங்கும். நாக்கு காவல் நாய்: குரைத்தால் உடனே நிறுத்து, குரைக்காவிட்டால் திருடனில்லை என்று நினைக்காதே. மூன்றில் ஒன்றுதான் என்று யாராவது வற்புறுத்தினால் பட்டியலைச் சொல்வேன், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் உயர அளவும் கூடவே வேண்டும். டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் மீதான சர்க்கரைச் சங்கிலிகளைப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஃபிரக்டோஸ் தெரியாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால் அந்தச் சங்கிலிகள் குறைபட்டு நிற்கும். சில மையங்கள் அதை வைத்தே பத்தியத்தைச் சரிபார்க்கின்றன.

போன மாதம் குளியலறையிலிருந்து மகள் பற்பசைக் குழாயோடு வந்தாள். முதுகுப் பக்கத்துப் பொடி எழுத்தில் விரலை வைத்து, "அம்மா, இதில் சார்பிட்டால் போட்டிருக்கு. துப்பிவிடுகிறேன்தான். ஆனால் பட்டியலில் ஏன் எழுதவில்லை?" என்றாள். பேனாவை எடுத்துக்கொண்டு குளிர்பெட்டிப் பக்கம் போனேன்.