‘லெகசி’ என்று சொல்லி 4,200 டாலர் வாங்கிவிட்டார், ஏமாறாதீர்கள்

நேற்றிரவு முழுக்கத் தூக்கமில்லை. 4,200 டாலர்! நியூ ஜெர்சியில் இரண்டு பேரும் வேலைக்கு ஓடி, மகள் படிப்புக்கென்று சேர்த்த பணம். ஆன்லைனில் கல்லூரி அட்மிஷன் ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் போய்விட்டது. ‘லெகசி’ என்றால், ஒரு கல்லூரியில் படித்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே சேரும்போது தரும் சலுகை. வக்கீலைக் கேட்காமல் அவர் பெயரைப் போட மாட்டேன்.

முதல் வீடியோ காலில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை பற்றிய வழக்கில் வெளிவந்த கணக்கைத் திரையில் காட்டினார். பழைய மாணவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 33 பேருக்கு மேல் இடம், மற்றவர்களில் 6 பேருக்குக்கூட இல்லை. அந்தக் கணக்கு உண்மை. அதனால்தான் மற்றதையும் நம்பினேன். பேச்சுக்கு நடுவே, என் கணவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்துவிட்டார். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஆபீஸ் செலவில் முடித்த இரண்டு வார கோர்ஸ். "அண்ணா, இது போதுமே! அக்கா, பாப்பா லெகசி கணக்குல வந்துட்டா" என்று, கல்லூரிப் பட்டியல் போட்டிருந்த எக்செல்லில் அந்தப் பல்கலைக்கழகத்தின் வரியைப் பச்சையாக்கினார். என் தம்பி ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எம்.எஸ். என்றதும் அதுவும் பச்சை. அன்றைக்கே 4,200 டாலரையும் அனுப்பிவிட்டோம்.

மார்ச்சில் பச்சை வரி இரண்டிலும் இடமில்லை. கேட்டால், "இந்த வருஷம் போட்டி ஜாஸ்தி அக்கா." அடுத்த வாரம், "ஒப்பந்தத்துல ஏழாவது பாரா படிங்க." பிறகு ஒரு உதவியாளர், மகள் பெயரையே தப்பாக எழுதி, "பரிசீலனையில் உள்ளது" என்றார். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான்.

நேற்று நானே, கணவர் கோர்ஸ் முடித்த அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு போன் போட்டேன். இரண்டே நிமிடம். அப்பாவோ அம்மாவோ அங்கே இளங்கலை படித்திருந்தால்தான் லெகசியாம். ஹாப்கின்ஸோ அந்தச் சலுகையையே நிறுத்திவிட்டதை 2020இலேயே அறிவித்துவிட்டது. இது தெரியாமலா இந்தத் தொழில் செய்கிறார்? என் மகள் தன் கட்டுரையில் எங்கே குறை என்று திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பணம் கட்டும் முன் கல்லூரிக்கே போன் செய்யுங்கள். கல்லூரிகளே தங்கள் சேர்க்கை விவரங்களை வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ படிவத்தைத் தேடி, அதில் சி7 பகுதியில் முன்னாள் மாணவர் உறவைப் பார்க்கிறார்களா என்று பாருங்கள். எம்.ஐ.டி. பார்ப்பதே இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பாதீர்கள், கார்டில் கட்டுங்கள்.

இன்று காலை எங்கள் தமிழ்ப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு அவருடைய விளம்பரம் வந்திருக்கிறது. அதே பச்சை வரி எக்செல்லோடு.