மடக்கு வாக்கர்: குன்னூர் வீட்டில் பயன்படுத்திப் பார்த்தது

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபோது வாங்கிய அலுமினிய மடக்கு வாக்கர் இது. சக்கரம் இல்லாத சாதா மாடல். மேட்டுப்பாளையத்தில் ஒரு சர்ஜிகல் கடையில் 1,500 ரூபாய்க்குள் கிடைத்தது. நல்ல பொருள்தான். ஆனால் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தால்தான் அதன் முழுப் பலனும் தெரியும் என்பது என் கட்சி.

அம்மா அதைத் தொடவே மறுத்தார். படுத்தே கிடந்தால் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிப் பார்த்தார். நானும் கெஞ்சினேன், அதட்டினேன். "மறுபடியும் விழுந்தா என்ன பண்ணுவ?" என்பதே பதில்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மலை ரயில் என்றால் உயிர். சாக்பீஸை எடுத்துத் தரையில் ஸ்டேஷன் பெயர்களை எழுதிவிட்டாள். கட்டில் மேட்டுப்பாளையம், பீரோ கல்லாறு, அறைக்கதவு ஹில்குரோவ், சோபா ரன்னிமேடு, சாப்பாட்டு மேசை குன்னூர். "அம்முச்சி, வண்டி கிளம்புதுங்க!" என்று ஒரு விசில். அம்மா எழுந்துவிட்டார்.

குன்னூர் வரை நீராவி இன்ஜின் பின்னாலிருந்துதான் பெட்டிகளைத் தள்ளும். அதனால் அவளும் இன்ஜினாகப் பின்னாலேயே வந்தாள். அதுவும் நல்லதாகப் போயிற்று. பிள்ளை முன்னால் ஓடினால் வாக்கரில் இடறும். பக்கத்தில் நான் நின்றுகொள்வேன். முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் ஆன கால், கடைசியாக நல்ல கால். இந்த வரிசையை "வாக்கர், வலது, இடது" என்று பாட்டாகவே பாடினாள். மாறினால் "சிக்னல் விழலைங்க" என்று நிறுத்திவிடுவாள். என்னிடம் எரிந்து விழுகிற அம்மா, அவள் சொன்னால் நின்று திருத்திக்கொள்வார். முதலில் கல்லாறு வரைதான். அப்புறம் மதியச் சாப்பாட்டுக்குக் குன்னூரே வந்துவிட்டார். "இங்க டீசல் இன்ஜின் மாத்தணும், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவாள். பிறகு வெலிங்டன், அரவங்காடு, கேத்தி என்று பாதை நீண்டு, வெயில் விழும் வராந்தா ஊட்டி ஆயிற்று.

சரி, பொருளுக்கு வருகிறேன். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். கடையில் உயரமாக வைத்துக் கொடுத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தி நாங்களே இறக்கினோம். எடை குறைவு, மடக்குவதும் சுலபம். குறை என்றால் அடி ரப்பர் சீக்கிரம் தேய்கிறது. தேய்ந்தால் ஈரத் தரையில் வழுக்கும், உடனே மாற்றிவிட வேண்டும். நுரைக் கைப்பிடி பனியில் நமத்துப்போய்க் காயவே மாட்டேன் என்கிறது. டிசம்பர் காலையில் கம்பி சில்லென்று இருக்கும், கம்பளித் துணி சுற்றிக் கொடுங்கள்.

படிக்கட்டில் இதை வைத்து ஏற்ற வேண்டாம். சக்கரம் வைத்த மாடலைக் கடையில் காட்டுவார்கள். எங்களைப் போலச் சரிவான வாசல் உள்ளவர்கள் அதை வாங்காதீர்கள், இறக்கத்தில் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும்.