மின் ஸ்கூட்டர் விதிகள்: ரோந்துக் காவலரின் கண்ணுக்கு எது பிடிபடும்?

ஸ்கூட்டர் என்றதும் உட்கார்ந்து ஓட்டும் இருசக்கர வண்டிதான் நினைவுக்கு வரும்; இங்கே பேசப்படுவது, பலகையில் நின்றபடி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஓட்டும் மின் ஸ்கூட்டர். இதற்கு விதி வகுத்த நாடுகள் ஆளுக்கொரு திசையில் போயிருக்கின்றன. அவற்றை எடைபோட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். தெருமுனையில் நிற்கும் ரோந்துக் காவலருக்குக் கிடைப்பது நாலைந்து வினாடிகள். அதற்குள் விதிமீறலை அவரால் கண்டுகொள்ள முடியுமா என்பதே கேள்வி.

பிரிட்டனின் விடை மேலோட்டமாகப் பார்த்தால் மிக எளிது. அங்கே மின் ஸ்கூட்டர் சட்டப்படி மோட்டார் வாகனம். சொந்த ஸ்கூட்டருக்குச் சாலைக் காப்பீடு கிடைப்பதில்லை என்பதால், தனியார் நிலத்தைத் தாண்டி எங்கே ஓட்டினாலும் குற்றம். 2020 ஜூலை முதல் சில நகரங்களில் சோதனை முறையில் இயங்கும் வாடகை ஸ்கூட்டர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே வாடகை வண்டி அல்லாத எது தெருவில் ஓடினாலும் காவலர் நிறுத்தலாம். ஆனால் இதே ஸ்கூட்டரைக் கடையில் விற்பதும் வாங்குவதும் குற்றமல்ல. பிறந்தநாள் பரிசாக வந்த வண்டியில் பள்ளிக்குப் போகும் பதினைந்து வயதுப் பையனையும், கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுபவனையும் விதி ஒரே தட்டில் வைக்கிறது. காப்பீடில்லா ஓட்டத்துக்கு 300 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 புள்ளிகளும் விதிக்க இடமுண்டு; கார் உரிமம் பெற்று இரண்டாண்டு நிறையாதவருக்கு அந்த 6 புள்ளிகளே உரிமத்தைப் பறிக்கப் போதும். தண்டனை இவ்வளவு கனமாக இருக்கும்போது, அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பழகி வேலை செய்ய வேண்டிய காவலர் பல நேரங்களில் பார்த்தும் பாராதவர்போல் போய்விடத்தான் தோன்றும். அவருக்கு உண்மையில் பொருந்தும் கருவி, 2002ஆம் ஆண்டின் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு என்பது என் எண்ணம். கவனமின்றி ஓட்டிப் பிறருக்குத் தொல்லையோ அச்சமோ தருபவரை முதலில் எச்சரித்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அவர் மீண்டும் அதையே செய்தால் வண்டியைக் கைப்பற்ற வழிசெய்வது அது. வண்டி எந்த வகை என்பதைவிட ஓட்டுபவரின் நடத்தைதான் அங்கே முதலில் பார்க்கப்படுகிறது.

ஜெர்மனி 2019 ஜூன் 15 முதல் நடைமுறைப்படுத்தியது இதற்கு நேர்மாறான வழி. 14 வயது நிரம்பிய யாரும் உரிமமின்றி ஓட்டலாம், வேக வரம்பு 20 கிலோமீட்டர், மிதிவண்டிப் பாதை இருந்தால் அதில், இல்லையேல் சாலையில், நடைபாதைக்கு அனுமதியில்லை. இவற்றோடு ஒரு சின்ன ஏற்பாடும் உண்டு: வண்டியின் பின்புறம் காப்பீட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். காப்பீட்டு ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கும். ஆண்டுதோறும் கறுப்பு, நீலம், பச்சை என்று எழுத்தின் நிறம் மாறும். 2024இல் நீலம், 2025இல் பச்சை. கடந்து போகும் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாலே காப்பீடு நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடுகிறது. இந்த முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. வேகத்தைக் கூட்டும்படி மாற்றியமைத்த வண்டியை ஸ்டிக்கர் காட்டிக்கொடுக்காது. குடித்துவிட்டு ஓட்டுபவரையும் காட்டாது. கார் ஓட்டுநருக்குரிய மது வரம்புதான் இவருக்கும் என்பதை அறியாமல், இரவு வீடு திரும்பும் வழியில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. டபுள்ஸ் போவதற்கும் தடை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஸ்டிக்கரே தேவையில்லை.

சிங்கப்பூரின் அனுபவம் என் அளவுகோலுக்கு நல்ல சான்று. அங்கே மின் ஸ்கூட்டர்களுக்குச் சாலையில் இடமில்லை. நடைபாதையில் அனுமதி இருந்தது. வேக வரம்பை 15இலிருந்து 10 கிலோமீட்டராகக் குறைத்துப் பார்த்தார்கள். பத்துக்கும் பதினைந்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்த அதிகாரியின் கண்ணும் நம்பகமாகச் சொல்லிவிடாது. கடைசியில் 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் ஓட்டுவதற்கே தடை வந்தது. ஆண்டிறுதிவரை பெரும்பாலும் எச்சரிக்கை, 2020 ஜனவரி முதல் கண்டிப்பு. 2,000 சிங்கப்பூர் வெள்ளிவரை (டாலர்) அபராதம், மூன்று மாதம்வரை சிறை. காவலுக்கு இதைவிடத் தெளிவான விதி இருக்க முடியாது. ஆனால் ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் நடைபாதை கைவிட்டுப்போய், சுமார் 440 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை மட்டுமே மிஞ்சியதில், உணவு கொண்டு சேர்க்கும் தொழிலாளர்கள் ஒரே இரவில் பிழைப்பை இழந்து நின்றார்கள். உதவித்தொகை பிறகுதான் அறிவிக்கப்பட்டது. வரிசை மாறியிருக்க வேண்டும்.

பாரிஸ் தனி ரகம். 2023 ஏப்ரல் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 89 விழுக்காட்டினர் வாடகை ஸ்கூட்டர்களுக்கு எதிராக நின்றார்கள்; வாக்களிக்க வந்தவர்களோ எட்டு விழுக்காடுகூட இல்லை. செப்டம்பரில் அந்த வண்டிகள் நீங்கின. நடைபாதையில் குறுக்கே கிடந்த வண்டிகள் குறைந்தன. சொந்த ஸ்கூட்டர்கள் வழக்கம்போல் ஓடுகின்றன.

நான் தேர்வதானால் ஜெர்மானிய ஸ்டிக்கரையும் பிரிட்டனின் 59ஆம் பிரிவையும் சேர்த்தே எடுப்பேன். காவலர் நிற்கச் சொல்லியும் நிற்காத வண்டியைத் துரத்தினால் வழியில் போகிறவர்களுக்கும் ஓட்டுபவருக்கும் ஆபத்து. பின்புற ஸ்டிக்கரில் உள்ள எழுத்துகளைக் குறித்துக்கொண்டால் மறுநாள் காப்பீட்டு நிறுவனத்தின் வழியாக உரிமையாளரின் வீட்டுக் கதவைத் தட்டி எச்சரிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு வரலாம்.