ஃபயர்ஃபாக்ஸின் ‘சிம்ப்ளிஃபைடு’ பிரிண்ட்: ஜெராக்ஸ் கடைக்காரி சொல்கிறேன்

கும்பகோணத்தில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இன்டர்நெட் பிரிண்ட் ஒரு பக்கம் மூன்று ரூபாய்.

போன மாதம் ஒரு பெரியவர் மாடித்தோட்டத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “பிரிண்ட் போட்டுக் கொடும்மா” என்றார். பதினொரு தாள் வந்தது. ஒவ்வொரு தாளின் தலையிலும் அந்தத் தளத்தின் மெனுப் பட்டை உட்கார்ந்து, அடியில் இருந்த இரண்டு வரியை மறைத்துவிட்டது. மண்கலவை அளவு இருந்த வரியும் அதில் போச்சு. படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம். கடைசி மூன்று தாளிலும் ‘இதையும் படியுங்கள்’ மட்டும்தான். “இதுக்கும் காசாம்மா?” என்றார். வாங்க மனசு வரவில்லை.

அன்றைக்குத்தான் கடை சிஸ்டத்தில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் திறந்து பார்த்தேன். கன்ட்ரோல் பி அழுத்தி, ‘மோர் செட்டிங்ஸ்’ போனால் ‘ஃபார்மட்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் ‘ஒரிஜினல்’, ‘சிம்ப்ளிஃபைடு’ என இரண்டு. இரண்டாவதைத் தொட்டதும் மெனு, விளம்பரம் எல்லாம் கழன்று, தலைப்பும் கட்டுரையும் மட்டும் நின்றது. பதினொன்று நாலானது. மறைந்த வரிகளும் வந்துவிட்டன. தமிழ் எழுத்து எங்கும் உடையவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கட்டுரை மாதிரி இல்லாத பக்கங்களுக்கு, அதாவது விண்ணப்பம், ரிசல்ட், டிக்கெட் போன்றவற்றுக்கு, இந்த வசதி கண்ணிலேயே படாது. என் கடைக்கு வருவதில் பாதி அந்த ரகம்தான். சமையல் குறிப்பில் சாமான் பட்டியல் தனிப் பெட்டியில் இருந்தால் சில சமயம் அதையும் குப்பை என்று நினைத்துத் தூக்கிவிடுகிறது. புளிக்குழம்பு செய்முறை இருக்கும், புளி எவ்வளவு என்று இருக்காது. தலைப்புக்குக் கீழே ‘படிக்க இத்தனை நிமிடம்’ என்று வேறு அச்சாகிறது. பேப்பரில் படிப்பவருக்கு அது எதற்கோ! ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

குறைத்த அந்த ஒன்றரைக்கும் பழி ஃபயர்ஃபாக்ஸ் மேல் மட்டும் இல்லை. வெப் டிசைன் வேலை பார்க்கும் என் தம்பி மகனிடம் அந்தப் பதினொரு தாளைக் காட்டினேன். “மெனுவை ஸ்கிரீன்ல ஒரே இடத்துல நிக்கிற மாதிரி வெச்சிருக்காங்க அத்தை. அதான் பேப்பர்லயும் ஒவ்வொரு பக்கமும் வந்து நிக்குது. படம், கீழ ஸ்க்ரோல் பண்ணாத்தான் லோடு ஆகும். நீங்க பண்ணாமலே பிரிண்ட் கொடுத்திருப்பீங்க” என்றான். பேப்பருக்குத் தனி விதி எழுதும் வழி, வெப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சி.எஸ்.எஸ்.ஸின் இரண்டாம் பதிப்பிலேயே, 1998இலேயே, வந்துவிட்டதாம். ‘அட் மீடியா பிரிண்ட்’ என்று தொடங்கி, மெனுவுக்கு ‘டிஸ்ப்ளே நன்’ போட்டால் தாளில் அது வராது. அட்டவணை வரிசை இரண்டு தாளுக்கு நடுவே பிளக்காமலிருக்க ‘பிரேக் இன்சைட் அவாய்ட்’. நாலைந்து வரிக்குள் முடிகிற வேலை.

விக்கிப்பீடியாவில் அதைச் செய்திருக்கிறார்கள். புராஜெக்ட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் ‘ஒரிஜினல்’ இலேயே போட்டுக் கொடுக்கிறேன். ஓரத்து மெனு, தேடல் பெட்டி எதுவும் தாளில் வராது. மேற்கோள் பட்டியல்தான் சில கட்டுரைகளில் பக்கம் பக்கமாக ஓடும். அதற்கு ‘பேஜஸ்’ இல் வேண்டிய எண்ணை மட்டும் கொடுத்துவிடுகிறேன்.

என் கடை விலைப்பட்டியல் பக்கத்தையும் அவன்தான் செய்து கொடுத்தான். அதை பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். இரண்டு தாள் வந்தது; இரண்டாவதில் கடை போன் நம்பர் மட்டும். போனில் கூப்பிட்டு, “உன் நாலைந்து வரி எங்கேடா?” என்றேன். ஞாயிற்றுக்கிழமை போடுகிறானாம்.