ராமேஸ்வரம் போறீங்களா, வடகடல்ல இறங்குவீங்களா தென்கடல்லயா?

தனுஷ்கோடி ரோட்டுல ஆட்டோ ஓட்டுற அண்ணன்ல இருந்து சங்கு விக்கிற அக்கா வரைக்கும் எல்லாரும் ஒரே வசனம்தான் சொல்வாங்க, இந்தப் பக்கம் பெண் கடல் சாந்தமா இருக்கும், அந்தப் பக்கம் ஆண் கடல் முரட்டுத்தனமா இருக்கும்னு. ஜூன் மாசம் போய் நின்னு பாத்தா அப்படியே பொருந்தும், வடக்க பாக் விரிகுடா குளம் மாதிரி கிடக்கும், தெக்க மன்னார் வளைகுடா அலை ரோட்டோர கல்லுல ஏறி அடிக்கும். ஆனா அதே டயலாக்க டிசம்பர்ல வாடை, அதாவது வடகிழக்குக் காத்து, நல்லா புடிச்ச ஒரு நாள்ல சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஏன்னா அப்ப வடகடல்தான் கலங்கிப்போய் கொந்தளிக்கும், தென்கரை ஓரம் அமைதியா இருக்கும்.

விஷயம் இவ்ளோதான், தீவு குறுக்க நிக்குது. மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குல இருந்து வர்ற கச்சான், சோழகம்னு சொல்ற காத்தெல்லாம் தென்கடல நேரா வந்து மோதும், வடகரைக்கு அது நிலத்துல இருந்து கடலுக்குப் போற காத்து, கரையோரத்துல அலை எழும்ப தூரமே கிடைக்காது. அக்டோபர் கடைசிக்கு மேல வாடை ஆரம்பிச்சா கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவுல திறந்து கிடக்கிற வாசல் வழியா காத்தும் அலையும் உள்ள வரும், வடகரை மாட்டிக்கும். பாம்பன் பாலத்துக்கு கீழ ஓடுற தண்ணியே சாட்சி, கச்சான் காலத்துல தெக்க இருந்து வடக்க இழுக்கும், வாடை காலத்துல வடக்க இருந்து தெக்க.

அப்ப ஆறு மாசம் இது ஆறு மாசம் அதுன்னு முடிச்சிடலாமான்னா, முடியாது. ரெண்டும் கொந்தளிக்கிற விதமே வேற.

வடகடல் ஆழம் ரொம்ப கம்மி, பெரும்பாலான இடத்துல 15 மீட்டருக்குள்ளதான், அடியில சேறு. காத்து ஏறுனா கொஞ்ச நேரத்துலயே குட்டை குட்டையா, கிட்ட கிட்டயா, செங்குத்தா அலை எழும்பும், உயரம் பெருசா இருக்காது ஆனா சின்ன படகா இருந்தா ஒரு அலைய சமாளிச்சு நிமிர்றதுக்குள்ள அடுத்தது வந்து அடிக்கும், தண்ணி உள்ள ஏறும். ஒரு நல்ல குணம், காத்து நின்னா அதுவும் சீக்கிரம் அடங்கிடும். அதனால வடகடலுக்கு நீங்க பாக்க வேண்டியது ஒரே ஒரு நம்பர், காத்து வேகம், அதுவும் அந்தப் பகுதியில அந்த நேரத்துல என்ன அடிக்கப்போகுதுங்கிறது.

தென்கடலுக்கு அது பத்தாது, நிறைய பேர் ஏமாறுறது இங்கதான். மன்னார் வளைகுடா தெக்க போகப்போக ஆயிரம் மீட்டருக்கு மேல ஆழம், இந்தியப் பெருங்கடலுக்கு வாய் திறந்து கிடக்கு, எங்கேயோ பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி புயல் கிளப்பிவிட்ட அலை நாள்கணக்கா பயணம் பண்ணி வந்து சேரும், இங்க இலை கூட அசையாம இருக்கும். கள்ளக்கடல்னு சொல்றது இதைத்தான். 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் பீச்ல மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில சிக்கி இறந்தது அந்த மாதிரி ஒரு சமயத்துலதான், எச்சரிக்கை முன்னாடியே வந்திருந்தது. சென்னை வானிலை மையம் சூறாவளிக்காத்துன்னு மன்னார் வளைகுடாவுக்கு எதுவும் சொல்லலைன்னு நிம்மதியா இருந்துடாதீங்க, ஹைதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் (INCOIS) தர்ற அலை முன்னறிவிப்பயும் சேர்த்துப் பாருங்க, அதுல அலை உயரத்த விட ரெண்டு அலைக்கு நடுவுல எத்தனை செகண்டுங்கிறது முக்கியம். 15 செகண்டுக்கு மேல போனா கரையில நின்னு வேடிக்கை பாக்குறதோட நிறுத்திக்கலாம். விண்டி ஆப்லயும் இது தெரியும், ஆனா அதுல கலர் கலரா ஓடுற காத்து மேப்ப மட்டும் பாத்துட்டு மூடிடுறோம்.

ஏத்தம் வத்தம், அதாவது தினமும் கடல் மட்டம் ஏறி இறங்குற விஷயத்துல ரெண்டு பக்கமும் சாதுதான், அமாவாசை பௌர்ணமிக்கு கூட ஒரு மீட்டர தாண்டாது, குஜராத் பாவ்நகர்ல பத்து மீட்டர் ஏறி இறங்குதே அதுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல. ஆனா வடகரை அவ்ளோ சரிவு இல்லாத தரை, கொஞ்சம் தண்ணி இறங்குனாலே கடல் ரொம்ப தூரம் உள்ள போய் நாட்டுப்படகெல்லாம் தரைதட்டி நிக்கும், தெக்க இருந்து அடிக்கிற காத்தும் சேர்ந்துகிட்டா இன்னும் அதிகம். உடனே கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்னு டிவியில ஓடும். சுனாமி எல்லாம் இல்ல, மறுபடி ஏத்தம் வரும்போது படகு மிதக்கும்.

சரி யாருக்கு எது? சின்னப் பசங்களோட கோடை லீவுல வர்றீங்கன்னா யோசிக்கவே வேணாம், வடக்க அரியமான் பக்கம் போங்க, முட்டியளவு தண்ணில ரொம்ப தூரம் நடக்கலாம், தண்ணி மட்டும் கொஞ்சம் கலங்கலா இருக்கும். தெளிஞ்ச தண்ணி, பவளப்பாறை, குருசடை தீவுன்னு ஆசைப்பட்டா தென்கடல்தான், அதுக்கு கச்சான் கிளம்புறதுக்கு முன்னாடி வரணும், என்னைக் கேட்டா மார்ச், ஏப்ரல். காத்து மாறுற அந்த இடைவெளில ரெண்டு கடலும் ஓரளவு ஓய்ஞ்சு கிடக்கும், தலைமன்னார்ல இருந்து தனுஷ்கோடிக்கு நீந்துறவங்க பெரும்பாலும் அந்த சீசன்தான் பாத்து வர்றாங்க. ஐப்பசி கார்த்திகைல பயணம் போட்டா கடல விடுங்க, மழையே பெரிய பிரச்னை, 2024 நவம்பர் 20 அன்னைக்கு ராமேஸ்வரத்துல மட்டும் 41 செ.மீ கொட்டுச்சு.

தனுஷ்கோடி ரோடு முடியுற அரிச்சல்முனைய இதுல எந்தக் கணக்குலயும் சேக்காதீங்க. ரெண்டு கடலும் சேர்ற இடம், மணல் இடம் மாறிக்கிட்டே இருக்கும், நீரோட்டம் இழுக்கும், மேல பாத்தா அமைதியா இருக்கிற நாள்லயும் கால் நனைக்கிறதுக்கு மேல அங்க இறங்க வேணாம், குளிக்கிறதுக்கு அக்னி தீர்த்தம் இருக்கு.