ஒரு ரேமும் ஒரு ரப்பர் பட்டையும்: மூன்றாண்டு அனுபவம்

சென்ற வாரம் அக்கா மகள் தொலைபேசியில் அழைத்தாள். சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். உடன் படிக்கும் ஒருத்தியின் அண்ணன் தன் பழைய மடிக்கணினியை மலிவாகத் தருகிறாராம். நான் 2019 முதல் வைத்திருக்கும் அதே மாடல், அதே 4 ஜிபி ரேம், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். “ரேம் மட்டும் கூட்டிக்கொண்டால் போதும்தானே மாமா? உங்களுடையதில் நீங்களேதானே போட்டீர்கள்?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்தக் கணினியின் அடியில் ஒட்டியிருந்த ரப்பர் பட்டை நினைவுக்கு வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் அம்மா என்று வைத்துவிட்டேன். யோசித்ததை, அவளைப் போல முதல்முறையாக இந்த வேலையில் இறங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஏற்காட்டில் சிறு காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். நவம்பரில் பழம் பறிப்புத் தொடங்கிவிட்டால் ஆள்வாரியாக அன்றாட எடை, வாரக் கூலி, முன்பணம் என்று எக்செல் தாள்கள் பெருகும். பக்கத்தில் டாலி என்ற கணக்கு மென்பொருள் திறந்திருக்கும். ஜிஎஸ்டி தளமும் வங்கித் தளமும் உலாவியில் காத்திருக்கும். 4 ஜிபி நினைவகம் இவ்வளவையும் தாங்காது. அது நிரம்பியதும் விண்டோஸ் மீதியை ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவைத்து, தேவைப்படும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. என்னுடையதில் இருந்தது நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுழலும் டிஸ்க். நல்ல நேரத்திலேயே நொடிக்கு நூறு எம்பி அளவில்தான் அது தரும். டிடிஆர்4-2400 என்ற வகை ரேமோ ஒரு தடத்தில் (ரேமுக்கும் செயலிக்கும் நடுவே தரவு போகும் பாதையில்) மட்டும் நொடிக்கு 19,200 எம்பி வரை தர வல்லது. ஒரு தாளிலிருந்து மறு தாளுக்குப் போக நான் காத்திருந்த நேரமெல்லாம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே கிடந்தது.

அதுவரை எந்தக் கணினியின் மூடியையும் நான் திறந்ததில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைப் பார்த்தபோது, இரண்டு ஸ்லாட்டில் (ரேம் துண்டைச் செருகும் இடத்தில்) ஒன்று பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டியது. ஒன்றில் 4 ஜிபி துண்டு இருக்கிறது, மற்றது காலி, இரண்டிலும் 8 போட்டு 16 ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நல்லவேளையாகப் பணத்தை எடுப்பதற்கு முன் தயாரிப்பு நிறுவனத்தின் பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் படித்தேன். இருக்கும் 4 ஜிபி, கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. அதையும் ஒரு ஸ்லாட்டாக எண்ணித்தான் விண்டோஸ் இரண்டு என்று சொல்கிறது. கையால் கழற்றி மாட்டக்கூடிய ஸ்லாட் ஒன்றே ஒன்று. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு துண்டு வாங்கிவிட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது, புதியவர்களுக்கு மிக எளிதாக நேரக்கூடிய நட்டம்.

2022 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். போர்டில் 4 இருந்தால் 4தான் போட வேண்டும், அளவு மாறினால் ஓடாது என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். அது சரியல்ல என்பதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். 4-உடன் 8 சேர்ந்தால், இரண்டு பக்கமும் சமமாக உள்ள நான்கு நான்கு ஜிபி இணைந்து இரட்டைத் தடத்தில் ஓடும். எஞ்சிய 4 மட்டும் ஒற்றைத் தடத்தில் ஓடும். முழு இரட்டைத் தடத்துக்கு 4-உடன் 4 போடுவதுதான் சிறந்தது என்பது உண்மையே. ஆனால் என் வேலைக்கு வேகத்தைவிட இடம்தான் தேவைப்பட்டது. அவரிடம் இருந்த 8 ஜிபி துண்டில் வேகம் 3200 என்று எழுதியிருந்தது. என் கணினியின் எட்டாம் தலைமுறை ஐ5 செயலி ரேமை 2400-க்கு மேல் ஓட்டாது. வேகமான துண்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும், அதனால் கேடு ஒன்றும் இல்லை. 2,600 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில் ஜன்னலோரம் துணி விரித்துக் கணினியைக் கவிழ்த்து வைத்தேன். அடிமூடிக்குப் பத்துத் திருகுகள். எட்டுக் கண்ணுக்குத் தெரிந்தன. மற்ற இரண்டும், பின்விளிம்பு நெடுக ஒட்டியிருந்த ஒரு நீண்ட ரப்பர் பட்டைக்கு அடியில் இருந்தன. பட்டையை நீக்கவும் என்று கையேடு ஒரே வரியில் சொன்னது. எப்படி நீக்குவது என்றோ, நீக்கியதைத் திரும்ப எப்படி ஒட்டுவது என்றோ அதில் இல்லை. நகத்தால் ஒரு முனையைக் கிளப்பி மெல்ல இழுத்தேன். பட்டை நீண்டது. பசையில் பாதி பட்டையோடு வந்தது, பாதி மூடியிலேயே தங்கிவிட்டது. முடியுலர்த்தியால் சற்றுச் சூடு காட்டினால் பசை இளகி, பட்டை இழுபடாமல் உரியும் என்பதைப் பின்னால்தான் கற்றுக்கொண்டேன்.

மற்ற வேலையெல்லாம் அஞ்சியதில் கால் பங்குகூடக் கடினமாக இல்லை. பழைய ஏடிஎம் அட்டை ஒன்றை மூடியின் இடுக்கில் விட்டு ஓட்டினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபடுகின்றன. முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் போக்கிவிட வேண்டும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் காற்று வறண்ட நாளில்தான் அதிகம்; அன்று ஏற்காட்டில் மழை ஈரம் இருந்தது. இருந்தாலும் இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டே ரேமைக் கையில் எடுத்தேன். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் விளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால், தவறான வகையை வாங்கி வந்தாலும் அது உள்ளே நுழையாது. சரியான வகையையும் தலைமாற்றிச் செருக முடியாது. சாய்வாகப் பிடித்துத் தங்கநிறப் பற்கள் ஏறக்குறைய மறையும்வரை செருகி, பிறகு கீழ்நோக்கி அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் டக்கென்று பிடித்துக்கொள்கின்றன. அந்த ஓசை கேட்கும்வரை விடக்கூடாது.

ஒன்றை மட்டும் எல்லாப் புதியவர்களுக்கும் முன்கூட்டியே சொல்ல விரும்புகிறேன். மூடிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, திரை கறுப்பாகவே நின்றது. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்தது. கணினியைக் கெடுத்துவிட்டோம் என்றே நம்பி, கூலிப் பட்டியலுக்கு யாரிடம் கணினி இரவல் கேட்பது என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். பிறகு திரையில் நிறுவனத்தின் சின்னம் வந்தது. புதிய ரேமைக் கண்டதும் கணினி அதனுடன் ஒத்து ஓடுவதற்கான அளவுகளை முதல்முறை தானே சோதித்துப் பொருத்திக்கொள்கிறது. அதற்குத்தான் அந்த நேரம். அந்த நிமிடத்தில் பதற்றப்பட்டு மின்சாரத்தை நிறுத்தாமல், சில நிமிடங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே போனதும் 12 ஜிபி என்று காட்டியது. அன்றிரவே விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையை ஓடவிட்டேன். பிழை எதுவும் இல்லை.

வேகம் கூடும் என்று எதிர்பார்த்தேன், கூடியது. நான் எதிர்பாராதது அமைதி. இரவு ஒன்பது மணிக்கு மேல் எங்கள் பக்கத்தில் பூச்சிகளின் ஓசையைத் தவிர எதுவும் கேட்காது. அந்த அமைதியில் மூன்று ஆண்டுகளாக என் மேசையிலிருந்து ஒரு கரகர ஒலி ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அது ஹார்ட் டிஸ்க் ஓடும் இயல்பான ஒலி என்றே எண்ணியிருந்தேன். ரேம் போட்ட இரவில் அதே தாள்கள், அதே டாலி, அதே உலாவி திறந்திருந்தபோது நினைவகம் பாதி அளவில் நின்றது, டிஸ்க்கிடமிருந்து சத்தமே இல்லை. நிரம்பி வழிந்த நினைவகத்தை இரவு முழுவதும் டிஸ்க் சுமந்துகொண்டிருந்த சத்தம் அது என்பது அப்போதுதான் விளங்கியது. வெளியே சில்வர் ஓக் மரங்களிலிருந்து பனி சொட்டுவது கேட்க, கணக்கை முடித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2,600 ரூபாயில் என் வேலை நேரத்துக்கு இவ்வளவு நன்மை செய்த வேறொரு பொருளை நான் வாங்கியதில்லை.

இவ்வளவு நிறைவையும் அந்தப் பட்டை அரித்துக்கொண்டே இருந்தது. இழுபட்டு நீண்டுபோனதால் அது தன் பள்ளத்தில் மீண்டும் பொருந்தவில்லை. நடுவில் ஒரு மேடு எழுந்து நின்றது. இருபக்கமும் ஒட்டும் டேப் வாங்கி ஒட்டினேன். சேர்வராயன் மலையின் மழைக்கால ஈரத்தில் அந்த டேப் ஒரு மாதம் தாங்கவில்லை. ஏப்ரலில் சேலத்துக்குக் கணினியைக் கொண்டுபோனால் வெயிலில் பசை உருகி வெளியே வழிந்து, பை, மேசைவிரிப்பு, கணக்குத் தாள் எல்லாவற்றிலும் பிசுபிசுத்தது. பட்டை விலகியிருக்கும்போது வலப்பக்கம் தட்டச்சு செய்தால் கணினி ஆடும். ஆட்டத்தைவிடப் பெரிய கேடு வேறொன்று. அடியில் காற்று உள்ளே போவதற்கான இடைவெளியைத் தருவதும் அதே பட்டைதான். அது இல்லாவிட்டால் அடிமூடி மேசையோடு படிந்து விசிறி திணறுகிறது.

2024-இல் மழைக்காலத்தில் ஒரு காலை கணினி திரை காட்டவில்லை. ரேமின் பற்களில் ஈரத்தால் ஏதோ படிந்து தொடர்பு விட்டுப்போயிருக்கும், கழற்றித் துடைத்து மாட்டினால் போதும் என்று ஓரளவு ஊகித்தேன். ஐந்து நிமிட வேலை. ஆனால் பட்டையை மறுபடி உரிக்க மனம் வராமல், சேலத்தில் ஒரு பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். அவர்கள் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு நான் கேட்டபடி, சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி மாட்டினார்கள். ரேமின் பற்களை எழுதும் ரப்பரால் தேய்த்துப் போட்டார்கள். இது நம் ஊர்க் கடைகளில் வழக்கம்தான் என்றாலும் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பதே நல்லது. கணினி நன்றாக ஓடியது. வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தபோது, பட்டை மட்டும் அசைக்க முடியாதபடி உடனடிப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. இனி எவரும் திறக்கவே போவதில்லை என்பதுபோல! பணத்தைக் கொடுத்துவிட்டு வந்த எனக்கு அன்று வந்த கோபம் இதை எழுதும்போதும் முழுதாக ஆறவில்லை. அதே நேரத்தில், அந்தக் கடைப் பையனையே முழுதும் குற்றம் சொல்லவும் முடியவில்லை. திரும்ப ஒட்ட முடியாத பட்டையை என்ன செய்வது என்று அவனுக்கும் எவரும் சொல்லித் தரவில்லை.

சென்ற ஆண்டு விசிறியைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தபோது, கத்தியால் பட்டையைத் துண்டு துண்டாக அறுத்தெடுத்தேன். மூடியின் விளிம்பில் இரண்டு கீறல்கள் விழுந்தன. ஆனால் பத்துத் திருகுகளும் அன்று முதல் கண்ணுக்குத் தெரிகின்றன. இரும்புக் கடையில், நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் ரப்பர் குமிழ் நான்கு வாங்கி, திருகுகளை விட்டுத் தள்ளி ஒட்டினேன். ஆட்டமும் போயிற்று, காற்றும் போகிறது. இந்தக் கணினியை வாங்கிய நாளிலேயே இப்படித்தான் தந்திருக்க வேண்டும். வழவழப்பான அடிப்பக்கம் கடையில் பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர, திருகின் மேல் பட்டையை ஒட்டியதற்கு வேறொரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. ரேம் கூட்டலாம் என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு, கூட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் எதையாவது கிழித்தே உள்ளே போகும்படி செய்வது நேர்மையான தயாரிப்பு ஆகாது.

இனி அக்கா மகளுக்கான பதில். எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 இதில் ஓடும்; விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்ட நிலையில் இது சிறிய விஷயம் அல்ல. 12 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால் கல்லூரிப் படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் தாராளமாக வரும். என்னுடையதை நான் விற்கப் போவதில்லை. இருந்தும் அவள் அந்தப் பழைய கணினியை வாங்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன். ரேமின் விலையும் இப்போது அந்தக் காலத்து விலை அல்ல. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகத்தின் பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பியதால், 2025 இறுதியிலிருந்து சாதாரண ரேமின் விலை கடுமையாக ஏறிவிட்டது. மலிவான கணினியும் விலையேறிய ரேமும் சேர்ந்தால் மலிவு நிற்காது. விலை இறங்கினாலும் என் பதில் மாறாது. முதல்முறை கணினியைத் திறக்கும் ஒரு பெண்ணுக்கு, திறந்ததும் பொருள் கெட்டுவிட்டது என்ற எண்ணம் வரக்கூடாது.

வேறு கணினி ஏதாவது வந்தால், விலையையும் ரேமையும் கேட்பதற்கு முன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எல்லாத் திருகும் வெளியே தெரியும் ஒன்று கிடைத்தால், நான் மலையிறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ரேமை அவளே மாட்டட்டும்.