பழைய வீட்டோடு புதுக்கட்டு சேர்க்கிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய வீட்டை இடிக்காமல் நவீனமாக ஒரு பகுதி சேர்த்துத் தருகிறோம் என்று வருகிற எல்லாரையும் நம்பிவிடாதீர்கள். எங்கள் வீட்டு வேலையை எடுத்த வடிவமைப்பாளர் கணினியில் காட்டிய படங்கள் அவ்வளவு அழகு. பழைய செங்கல் சுவர், அதை ஒட்டித் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. இன்று அந்தச் சுவரில் கை வைத்தால் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்று வருகிறது, உள்ளே இருக்கும் செங்கல் நகம் பட்டாலே மாவாக உதிர்கிறது.

வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. பழைய காரையை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை, தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாகவே வெளியேறிச் சுவர் காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி, அதில் கரைந்திருக்கும் உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதை உள்ளிருந்தே உடைக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த எந்தக் கொத்தனாரும் இதைச் சொல்லியிருப்பார். ஓதம் ஏறுகிறதே என்று கேட்டதற்கு வந்த பதில், "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்." தலைமுறை தலைமுறையாகக் காய்ந்து நின்ற சுவர் அது!

அப்புறம் புதிய கான்கிரீட் கூடம். பழைய சுவரில் துளை போட்டு, கம்பி செருகி, இரண்டையும் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். பழைய அஸ்திவாரம் எப்போதோ இறங்கி நின்றுவிட்டது, புதியது கட்டி முடித்த பிறகும் கொஞ்சம் இறங்கும். நடுவில் இடைவெளி விட்டிருந்தால் அதது தன்பாட்டுக்கு அசைந்திருக்கும். இப்போது இணைப்பு நெடுக விரிசல், மழைத் தண்ணீர் நேராக உள்ளே.

எனக்கு அதிகம் வலிப்பது வேறு. புதுச் சுவரும் பழசு மாதிரி தெரியட்டும் என்று செங்கல் போன்ற டைல்ஸை ஒட்டிவிட்டார்கள். நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்க 1964இல் பல நாட்டு வல்லுநர்கள் எழுதிய வெனிஸ் சாசனமே, புதிதாகச் சேர்ப்பது பழையதிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும், அதைக் கட்டும் காலத்து முத்திரை அதில் இருக்க வேண்டும் என்கிறது. 1978இல் தீயில் பாழான இங்கிலாந்தின் ஆஸ்ட்லி கோட்டையில், இடிந்த சுவர்களுக்குள்ளேயே புது வீடு கட்டி 2013இல் கட்டடக்கலைக்கான ஸ்டிர்லிங் பரிசு வாங்கினார்கள். எது பழசு எது புதுசு என்று பார்த்தவுடன் தெரியும். எங்களுக்குக் காட்டிய படங்களில் அதுவும் ஒன்று!

ஆகவே படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பழைய சாந்தைச் சோதித்தார்களா, பூச்சுக்கு எந்தச் சுண்ணாம்பு, பூசப் போகிற கொத்தனார் யார், பழையதும் புதியதும் சேரும் இடம் வரைபடத்தில் எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அவர்கள் முன்பு செய்த வீட்டை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு நேரில் போய்ப் பாருங்கள். ஏற்கெனவே சிமெண்ட் பூசி ஓதம் ஏறியிருந்தால், அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் மட்டும் அடிக்க விடாதீர்கள், ஈரம் இன்னும் மேலே ஏறும். செங்கல் உடையாமல் கையுளியால் சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு பூச வேண்டும்.